கஞ்சாப் புகைக்கு ஒரு சிநேகிதன்

பிண வண்டி வாசலில் வந்து நின்றபோது மீக்கா அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, யாரோ சிதியருங்க பொணத்தோட வந்து நிக்கிறாங்க. வீடு மாறி வந்துட்டாங்களா?"

"மாறல. நான்தான் வரச்சொன்னேன்" என்றான் லாம்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கருங்கடல் கரையிலிருந்த பழைய கிரேக்க நகரமான ஒல்பியாவில் கருவாடு விற்கும் லாம்பனுக்கு வெகுநாளாக ஒரு குடைச்சல். ஊருக்கு வெளியே புல்வெளியில் குதிரை மேய்த்துத் திரியும் சிதியர்கள், பிணத்தைப் புதைத்த கையோடு ஒரு சின்னக் கம்பளிக் கூடாரத்துக்குள் நுழைவார்கள். அழுதுகொண்டே போகிறவர்கள் பாடிக்கொண்டே வெளியே வருவார்கள். உள்ளே பழுக்கக் காய்ச்சிய கல்லின்மேல் கஞ்சா விதையைப் போடுகிறார்களாம். அந்தப் புகையில்தான் சாவுத் தீட்டுக் கழிகிறதாம். லாம்பன் கூடை கட்டும் கயிறும் அதே செடியின் நார்தான். ஒருநாள் கயிற்றைக் கொளுத்தி மோந்துகூடப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

புதைத்தவர்களும் செத்தவருக்கு வேண்டியவர்களும் மட்டுமே கூடாரத்துக்குள் போகலாம். அதனால்தான் அன்று காலை நகர வாசலில், பிண வண்டியை ஓட்டி வந்த ஆம்பா என்ற பெண் பிணத்தைக் காட்டி "இவரைத் தெரியுமா அண்ணே?" என்று கேட்டதும், "தெரியுமாவா! என் உயிர்ச் சிநேகிதன்!" என்று சொல்லிவிட்டான்.

சிநேகிதன் வீட்டில் ஊர்வலத்துக்கே விருந்து வைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

குழம்பு தீர்ந்தது. கருவாடு தீர்ந்தது. மீக்கா பக்கத்து வீட்டுக்கு ரொட்டி கேட்டு ஓடினாள். திரும்பி வந்தால், வண்டியில் கிடந்தவருக்கும் ஒரு தட்டு போடச் சொன்னார்கள்.

"செத்தவருக்குமா?" என்று புருஷன் காதில் சீறினாள்.

"வை. அவராவது மிச்சம் வைப்பாரு."

கூட்டத்தின் தலைவன் கோலக், வாயைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தான். "சொல்லுங்க மீன்காரரே. அவரு எப்படிப்பட்ட மனுஷன்?"

லாம்பன் தொண்டையைச் செருமினான். "குதிரை மேல ஏறினா காத்துதான்! அவனைப் பிடிக்க முடியாது."

கோலக் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு கால் முழங்காலுக்குக் கீழ இல்லையே?"

"அது... அதுக்கு முன்னாடி. நான் ஆத்துல முழுகினேன். என்னைக் காப்பாத்தக் குதிச்சான். பெரிய மீன் ஒண்ணு காலைக் கவ்விருச்சு."

"அப்படியா! கால் அப்படித்தான் போச்சா?" கோலக்கின் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "கேட்டீங்களா! இந்த மனுஷனுக்காகக் காலையே கொடுத்திருக்காரு!" பிறகு லாம்பனைக் கட்டிக்கொண்டான். "அப்போ நீங்க வெறும் சிநேகிதன் இல்ல. ரத்தச் சகோதரன். தலையை மழிச்சு, காது நுனியை அறுத்துக்கணும்." இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்று மீக்கா அவன் விலாவில் இடித்தாள்.

"இப்பச் சொன்னா காது மட்டுமா போகும்?"

லாம்பன் கண்ணை மூடிக்கொண்டு காதை நீட்டினான்.

பொழுது சாயும் நேரத்தில் மொட்டைத் தலையும் கட்டுப்போட்ட காதுமாகக் குழிக்கரையில் நின்றான். ஒரு பிடி மண்ணைப் போட்டபோது, என்னவோ தெரியவில்லை, நிஜமாகவே அழுகை வந்தது. அந்த ஆறு, அந்த மீன், குதித்த அந்த மனிதன் எல்லாம் கண்முன் நின்றன.

பிறகு கூடாரம். குனிந்து உள்ளே போனான். கோலக் ஒரு கைப்பிடி விதையைக் கல்லின்மேல் தூவினான். சடசடவென்று வெடித்துப் புகை எழுந்தது. முதலில் அதே பழைய இருமல். 'இதுக்கா ஒரு காது?' என்று நொந்துகொண்டான். அப்புறம் காதின் வலி மெல்ல எங்கோ போய்விட்டது. பக்கத்திலிருந்தவன் ஊளையிட்டான். லாம்பனும் ஊளையிட்டுப் பார்த்தான்; நன்றாக இருந்தது. செத்தவருக்கு எந்த மீன் பிடிக்கும், குடித்தால் என்ன பாட்டுப் பாடுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள், இன்னும் சொல்லச் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது புல்வெளிக் காற்று மொட்டைத் தலையில் சில்லென்று பட்டது. ஆம்பா மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பா, என் சிநேகிதனை நல்லபடியா அனுப்பி வெச்சுட்டோம்" என்றான் லாம்பன், மனம் நிறைந்து.

"உங்களுக்குப் புண்ணியம் அண்ணே. வழியில அனாதையாக் கிடந்தவரை, தெரிஞ்சவங்க யாராவது கிடைப்பாங்களான்னு ஊர் ஊரா இழுத்துட்டு அலைஞ்சோம், நீங்க ஒருத்தர்தான் தெரியும்னீங்க" என்றாள் ஆம்பா. "ஆமா, அவரு பேரு என்ன?"