பெசன்ட் நகரில் நான் பிடித்த ஆத்துமா

பக்தி வைராக்கியம் தானாக வந்தவனால் ஊருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. இந்தத் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டவன்தான் பயங்கரமானவன். அடையாறில் எங்கள் சபையின் வாலிபர் சங்கச் செயலாளராக நான் இருந்தபோது எனக்கு அப்படி ஒரு கெடு வைத்தார்கள்.

தப்பு எங்கள் மேல்தான். வாலிபர் கூடுகை என்றால் அவசரமாக ஒரு ஜெபம், ஒரு பாட்டு, பிறகு சிக்கன் பிரியாணி. (லெக் பீஸ் யாருக்கு என்பதில் மட்டும் ஆவிக்குரிய போராட்டம் நடக்கும்.) புதிதாக வந்த போதகர் சில வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் சரியாக அண்டாவைத் திறக்கும் நேரத்தில் வந்து நின்றார்.

"தம்பி அருள், இது வாலிபர் சங்கமா, கேட்டரிங் சர்வீஸா? வாலிபர் ஞாயிறு அன்னிக்கு ஒரே ஒரு புது ஆத்துமாவை ஆராதனைக்குக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா சங்கத்தைக் கலைச்சு உங்க எல்லாரையும் சண்டே ஸ்கூலோட சேர்த்துடுவேன்."

எனக்கு இருபத்து நான்கு வயது. மீசை இருந்தது. தேனாம்பேட்டையில் ஏ.சி. ஆபீஸில் வேலை இருந்தது. இத்தனையும் வைத்துக்கொண்டு யு.கே.ஜி. பிள்ளைகளோடு கைதட்டி ஆக்‌ஷன் பாட்டுப் பாடுவதா?

உடனே சுவிசேஷப் பயிற்சி கொடுக்க ஒரு நிபுணரை வரவழைத்தோம். சென்னையில் எல்லாச் சபைகளுக்கும் போய் இதே வகுப்பை எடுப்பவர். அவருடைய சூத்திரம் இதுதான்: எடுத்த எடுப்பில் கிறிஸ்தவன் என்று சொல்லாதே. தனியாக இருப்பவனாகப் பார்த்து நட்பாகு. அவன் எதைச் சொன்னாலும் தலையாட்டு. உன் கஷ்டம் ஒன்றைச் சொல், அவன் மனம் திறப்பான். 'சர்ச்சுக்கு வா' என்று கூப்பிடாதே. 'எனக்கு சர்ச்சுக்குப் போகணும்போல இருக்கு, துணைக்கு வரியா' என்று கேள்.

வாலிபர் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் இறங்கினேன். (கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது என் பிறவிக் குணம்.) வாக்கிங் வந்த பெரியவர் ஒருவரோடு ஓட்டமும் நடையுமாகப் போய், "சார், செத்ததுக்கு அப்புறம் என்ன ஆகும்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்றேன்.

"பாலிசி ஏற்கெனவே எடுத்துட்டேன்பா" என்று வேகத்தைக் கூட்டினார்.

குப்பத்துப் பக்கம் போனேன். படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம், "மனசுல ஏதாச்சும் பாரமாண்ணே?" என்று உருகினேன்.

"வலை மேல நின்னுகினு இன்னா பாரம்ன்றே? நவுரு நைனா!"

சோர்ந்துபோய் மணலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்ன மச்சி, தனியா இருக்கே?" என்றான். எனக்குப் புல்லரித்தது. நான் நாயாய் அலைகிறேன், ஆத்துமா தானே நடந்து வருகிறது!

பெயர் அன்பு என்றான். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டினான். இப்படிப் பதமான ஆத்துமாவை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. சூத்திரப்படி என் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு ஏது கஷ்டம்? அப்போதெல்லாம் சட்டையைக்கூட அம்மாதான் இஸ்திரி போட்டுத் தருவாள். ஒரு வேகத்தில், "குடிப்பழக்கம், மச்சி. காலையிலேயே ஆரம்பிச்சுடுவேன்" என்று அடித்துவிட்டேன். (இருமல் மருந்துக்கே எனக்குத் தலை சுற்றும்.) அன்பு கண்கலங்கினான். தன் பங்குக்கு, காதலி ஏமாற்றிவிட்டாள், சோறே இறங்கவில்லை என்றான். சொல்லிக்கொண்டே என் சுண்டலையும் சேர்த்துத் தின்றான். அப்போதாவது இந்த மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு ஒரு சர்ச்சுக்குப் போகணும்போல இருக்கு. துணைக்கு வரியா?" என்றேன்.

அன்பு துள்ளி எழுந்தான். "கண்டிப்பா வரேன் மச்சி! கண்டிப்பா!"

மறுநாள் கேட்டிலேயே அவனுக்காகக் காத்திருந்ததில், ஆராதனை தொடங்கிய பிறகுதான் உள்ளே நுழைந்தோம். எங்களைக் கண்டதும் போதகர் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார். "ஸ்தோத்திரம்! புது ஆத்துமா முன்னால வரட்டும்!"

நான் அன்புவின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அவன் என் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "பயப்படாத மச்சி, நான் இருக்கேன்ல" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

போதகர் மைக்கை அன்புவிடம் நீட்டினார். புதியவன், நடுங்குவான் என்று பார்த்தால், பழகிய கையால் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம். நான் திருவல்லிக்கேணியில ஒரு சபைக்கு வாலிபர் சங்கச் செயலாளர். நேத்து பீச்சுல இந்தச் சகோதரனைச் சந்திச்சேன். எழுந்ததுமே குடிக்கிறவர். ஆண்டவர் இன்னிக்கு இவரை சர்ச் படி ஏற வச்சிட்டார்!"

முன்வரிசையில் அம்மா எழுந்தாள். "காலையிலேயேவாடா? நான் குடுக்கிற காப்பி பத்தலையா உனக்கு?"

"ஐயோ பொய்ம்மா! ஊழியத்துக்காகச் சொன்னது!" என்று அலறினேன். அதையும் மைக் விடாமல் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்னது.

அன்பு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்போ நீயும்...?"

"உன் காதலி?"

"யாரும் கிடையாது மச்சி. எங்க பாஸ்டரும் கெடு வச்சிருக்காரு."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை லட்சம் ஜனம் இருக்கிற ஊர்ல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பிடிச்சிருக்கீங்க. அதுவும் பொய் சொல்லி!" மானம் கப்பலேறியது.

அடுத்த வாரமே சங்கம் கலைந்தது. முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, யானை போல நடந்து, குருவி போலப் பறந்து பாடினேன். திருவல்லிக்கேணியில் அன்புவுக்கும் அதே கதி. ஞாயிறு மதியம் போனில் அழுதுகொள்வோம்.

"உனக்கு ஸ்டார் ஸ்டிக்கர் குடுத்தாங்களா மச்சி?"

"இல்லடா. பேசினேன்னு முட்டி போட வச்சிட்டாங்க."

அப்படித்தான் நண்பர்களானோம். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் அவனோடு உட்கார்ந்து ஜெபித்தேன். யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல் நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை. அவர் பிழைத்து வந்தார். அன்று பட்ட சந்தோஷத்தை வேறெந்த ஊழியத்திலும் நான் பட்டதில்லை.

இப்போது எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அன்பு பெல் அடித்தால் என் மகள் கதவைத் திறந்துவிட்டு, "அப்பா, உங்க ஆத்துமா வந்திருக்கு!" என்று கத்துவாள். அவனுக்கு இங்கே இந்த மரியாதை. நான் அவன் வீட்டுக்குப் போனால், அவன் பையன் தெருவுக்கே கேட்கிற மாதிரி உள்ளே பார்த்துக் கூவுகிறான்:

"அப்பா, குடிகார மாமா வந்திருக்காரு!"