ரவுட்டருக்கு நான் செய்த விருந்தோம்பல்

கண்டியில் யாருக்கும் ஜன்னலோர மேசை கொடுக்கக் கூடாது. ஹந்தானை மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், கையிலிருக்கும் வேலை தானாக நடப்பதுபோல் தோன்றும். எனக்கு அப்படியொரு மேசை கிடைத்தது, அதுவும் வேலை நிரந்தரமாகாத முதல் மாதங்களில்.

ஒரு புடைவைக் கடையின் தலைமை அலுவலகத்தில் கணினி வலையமைப்பைப் பார்ப்பது என் வேலை. கம்பளைக் கிளையின் பில்களும் கேமரா படங்களும், வெளியார் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டு, விபிஎன் என்கிற தனிப் பாதையில் கண்டிக்கு வரும். எது முதலில் போவது என்று தீர்மானிக்கும் பெட்டியான அங்குள்ள ரவுட்டருக்கு நான் இங்கிருந்தே கட்டளை அனுப்புவேன். எல்லாம் ஒரே இணைய இணைப்பில்தான். தீபாவளி நெருங்கியதும், "பில் வர லேட்டாகுது தம்பி, ஏதாவது பண்ணுங்க" என்றார் முதலாளி.

எங்கள் வீடுகளில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரன் உட்காருவான். நான் அந்த மரியாதையை அப்படியே ரவுட்டரில் எழுதிவைத்தேன். விபிஎன்னில் வருவதற்கெல்லாம் முதலிடம். என் கட்டளைகளுக்கு, மிச்சமிருந்தால், கடைசி இடம். (என்ன ஒரு பண்பாடு!) கையோடு பழைய கேமரா படங்களையும் கண்டிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு மேகம் பார்க்கத் திரும்பினேன்.

படங்கள் இணைப்பை முழுசாக அடைத்துக்கொண்டன. பில்கள் நடுவில் சிக்கின. நிறுத்தச் சொல்லி நான் அனுப்பிய கட்டளை, நானே போட்ட விதிப்படி, வாசலிலேயே நின்றது.

கம்பளைக் காசாளர் சுமதி தொலைபேசியில் கத்தினார்: "சேர், கடையில கால் வைக்க இடமில்ல. ஒரு பில்லும் போக மாட்டேங்குது!"

"ரவுட்டர் இருக்கிற அலுமாரியத் திறந்து, படம் அனுப்புற கேமரா பெட்டிய நிப்பாட்டுங்க."

"சாவி உங்ககிட்டதான சேர் இருக்கு?"

என் பையில்தான் இருந்தது. முதலாளி சத்தமே போடவில்லை. "சாயந்தரத்துக்குள்ள சரிவரலேன்னா நாளைக்கு வர வேணாம் தம்பி" என்றார்.

ரயிலைப் பிடித்தேன். பேராதனை தாண்டியதும் மகாவலியில் வெயில் மினுங்க, கண்ணைச் சும்மா மூடினேன். கனவில் என் வீட்டில் கல்யாணம். முகத்தை மூடிய விருந்தாளிகள் முடிவில்லாமல் உள்ளே போகிறார்கள். கைப்பொதியில் என்னவென்று தெரியவில்லை. "நான்தான் வீட்டுக்காரன்" என்கிறேன். "கடைசியில வாங்க" என்று கும்பிடுகிறார்கள். அவமானமாகவே இல்லை, சுகமாக இருந்தது. விழித்தபோது, கம்பளை என்ற பெயர்ப்பலகை மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, திரும்பி வந்து கடைக்குள் நுழைந்தேன். புடைவைகளைக் கட்டிப்பிடித்தபடி நின்ற சனம் என்னை முறைத்தது. கையாலேயே பில் எழுதிக்கொண்டிருந்த சுமதியின் விரலெல்லாம் மை.

"ரயில் இங்க நிக்கலையா சேர்?"

(நின்றிருக்கிறது. நான்தான் இறங்கவில்லை.)

அலுமாரியைத் திறந்து கேமரா பெட்டியை நிறுத்தினேன். மடிக்கணினியை நேரே ரவுட்டரில் செருகி, என் கட்டளைகளுக்கென்று சின்னதாக ஒரு வழியை முதலில் ஒதுக்கினேன். பில்கள் ஓடத் தொடங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, கம்பளைக்கு அனுப்பினார். "அந்தப் பெட்டி பக்கத்துலேயே இருங்க" என்றார். இருந்தேன். சுமதியும் பாவம் பார்த்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

போன வாரம் வீட்டுக்கு வந்த ஒருவர், "அப்பா ஏன் கண்டிய விட்டு வந்தாரு?" என்று எங்கள் மகளிடம் கேட்டார்.

"அப்பா தூரத்துல இருந்து சொன்னா ஒண்ணுமே கேக்காது அங்கிள். அதான் அம்மா பக்கத்துலயே வச்சிருக்காங்க."

பக்கத்தில் இருந்து சொன்னாலும் வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.