உள்ளே ஆள் இருக்கும் பார்ட்டிஷன்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன், ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக், ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். கணினியும் இப்போது நலம். நேற்று பகல் வரை அது பிழைக்குமா என்ற கவலையில் நான் பாதியாகிவிட்டேன்.

போன மாதம் நீ வந்து ஒரே கணினியில் எனக்கு லினக்ஸும், தையலுக்கு அளவு வரைய அக்காவுக்கு விண்டோஸும் போட்டுக் கொடுத்தாய் அல்லவா? அவள் பக்கம்தான் இடம் அதிகம் என்பதால், முப்பத்துநாலு வருட அனுபவத்தைப் பிழிந்து நான் எழுதிய லிப்ட் பழுதுபார்ப்புக் கையேட்டை விண்டோஸுக்கென்று நீ வட்டில் பிரித்துவிட்ட பகுதியில், அதாவது அந்தப் பார்ட்டிஷனில், வைத்திருந்தேன்; எழுதி முடித்தபின் இரண்டு வாரமாக அதைத் திறக்கவில்லை. நேற்று மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் புத்தகமே இல்லை என்று பதிப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். காலையில் லினக்ஸில் உட்கார்ந்தால், அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகமாட்டேன், அதாவது என் பக்கம் திறந்துகொள்ளமாட்டேன் என்கிறது! அணைத்துப் போட்டேன், கெஞ்சினேன், வயர்களைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன்; விண்டோஸ் உறக்கத்தில் இருக்கிறது, அதை முறையாக மூடிவிட்டு வா என்று சொன்னதையே சொன்னது. எனக்கு வந்ததே கோபம்! அந்த உறக்கத்தையே அழித்துவிடும் கட்டளை ஒன்றை இணையத்தில் ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். அதை எழுத்தெழுத்தாகத் தட்டி, என்டரில் விரலை வைத்தேன், பார், தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த உன் அக்கா உள்ளே நுழைந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"கதவு திறக்க மாட்டேங்குது. உடைக்கப் போறேன்."

"உள்ள ஆள் இருக்கான்னு பார்க்காம கதவுல கை வைக்காதேன்னு அத்தனை மெக்கானிக்குக்கும் பாடம் எடுத்தது யாரு? முதல்ல கையை எடுங்க."

எடுத்தேன். வெட்கமாக இருந்தது. என் தொழிலின் முதல் விதியை லினக்ஸ் காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவள் நிதானமாக விண்டோஸை எழுப்பினாள். "பாதித் தையலை யாராவது மடிச்சு வைப்பாங்களா? ஊசியைத் துணியிலேயே குத்திட்டுத்தான் எழுந்திருப்பேன். அதான் இதையும் மூடாம தூங்க வைக்கிறேன்" என்றாள். விழித்த திரையில் சட்டையும் இல்லை, பாவாடையும் இல்லை. என் லிப்ட்! பிரேக், கப்பி, கதவுப் பூட்டு என்று என் கையேட்டுக்காக இருபத்தேழு படங்கள். பத்து நாளாக எனக்குத் தெரியாமல் வரைந்து, ஒன்றைக்கூடச் சேமிக்காமல் வைத்திருக்கிறாள். என்டரைத் தட்டியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். பிரேக்குக்கும் கப்பிக்கும்கூட ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்கு விட்டிருந்தாள் என்பது வேறு விஷயம். மற்றபடி அளவு ஒரு நூல் பிசகவில்லை. இத்தனை வருடமாக நான் லிப்ட் கதை அளக்கும்போது தைத்துக்கொண்டே 'உம்' கொட்டுவாள், காதில் வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"கேட்டுத்தாங்க உம் கொட்டினேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சேமித்து, தையல் ஓரத்தை நீக்கி, விண்டோஸை முழுதாக மூடினாள். அதன்பிறகு லினக்ஸில் அந்தப் பார்ட்டிஷன் சமர்த்தாகத் திறந்துகொண்டது. நாலே முக்காலுக்கு எழுத்தையும் படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

அவளுக்குத் தம்பியாகப் பிறக்க நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும். கணவனாக வாய்க்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. என் நூலுக்குத் துணைநின்றதற்காக முன்னுரையில் அவளுக்கு ஒரு வரி நன்றி எழுதப் போகிறேன். உன் வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. குழந்தைகள் நோய்நொடியின்றி வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: பதிப்பகத்திலிருந்து இப்போதுதான் அழைத்தார்கள். படங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றனவாம். என் இருநூற்றுப் பத்துப் பக்கங்களையும் படத்துக்கு ஒரு வரியாகச் சுருக்கித் தர வேண்டுமாம். அட்டையில் உன் அக்காவின் பெயர் வருகிறது. முன்னுரையில் எனக்கு ஒரு வரி நன்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.