குசினிக் குழாய்

"பாக்கியரத்தினம் அண்ணன், என்ர தலைமயிர் முழுக்க மீன் பொரியல் மணக்குது. இதுக்குள்ள இருந்து ஒரு வேலையும் செய்ய ஏலாது!"

இரண்டாம் மாடிக் கப்பல் முகவர் அலுவலகத்தின் பொறுப்பாளர் நிஷாந்தினி இப்படிச் சினந்தபோது, அவருடைய கையில் பாதி கடித்த மீன் ரோல் ஒன்று இருந்தது.

துறைமுக வீதியிலிருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் காற்றோட்டத்துக்குப் பாக்கியரத்தினமே பொறுப்பு. பொறுப்பு இருந்ததே தவிர, நிரந்தர நியமனம் இருக்கவில்லை. அதைக் கொடுப்பதா, ஆளை வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க, கட்டடத்தின் முதலாளி அன்று மத்தியானம் கொழும்பிலிருந்து வரவிருந்தார்.

"முதலாளி வாறதுக்கு முதல் மணம் நிக்கும், மிஸ்."

மணத்தின் ஊற்றைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. கீழ்த்தளச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் தொடங்கிய தகரக் குழாய், நேரே வெளியில் போகாமல், மாடிதோறும் வாயைத் திறந்துகொண்டு மேலே ஏறியது. கட்டியவர்களின் மூளையை எண்ணித் தலையிலடித்துக்கொண்ட பாக்கியரத்தினம், குழாயின் மூடியை இழுத்துச் சாத்தினார்.

சற்று நேரத்தில் கடையிலிருந்தவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். கடைசியாக, கண்ணைக் கசக்கியபடி சமையற்காரர் ஸைனுலாப்தீன் வந்தார்.

"என்ன தம்பி, ரோல்ஸோட சேர்த்து என்னையும் பொரிக்கப் பாக்குறீங்களா?"

"கொஞ்சம் பொறுங்கோ நானா. காத்தை மாத்தி விடுறன்."

மூடியைத் திறந்தார், குழாயின் உச்சியில் மொட்டைமாடியிலிருந்த விசிறி எதிர்ப்பக்கம் சுழலுமாறு வயர்களை மாற்றிப் பூட்டினார். அது கச்சான் காற்று வீசும் காலம் என்பதை ஊரில் யார் மறந்தாலும், காற்றுக்குப் பொறுப்பானவர் மறந்திருக்கக் கூடாது. விசிறியோ, கச்சானையும் வீதிப் புழுதியையும் வாரியெடுத்து மாடிகளுக்குள் ஊதியது.

"அண்ணன்!" நிஷாந்தினியின் புருவங்கள் செம்மண் நிறமாகியிருந்தன. "முதல்ல மீன் மட்டும்தான் மணந்தது. இப்ப அதுக்கு மேல மண்ணும் தூவியிருக்கு!"

பாக்கியரத்தினம் வயர்களைப் பழையபடி பூட்டினார். மணத்தை மணத்தால் வெல்லலாம் என்று எண்ணி, குழாய்க்குள் ஒரு சட்டி சாம்பிராணியை வைத்தார். மூன்றாம் மாடிக்கு வந்த வாடிக்கையாளர்கள் குரலைத் தாழ்த்தி, "ஆர் மோசம் போனது?" என்று விசாரித்தார்கள். ஒருவர் செத்தவீட்டுக்குக் கட்ட வெள்ளைக்கொடி வாங்கவே புறப்பட்டுவிட்டார்.

இனி அரைகுறை வைத்தியம் உதவாது. பாக்கியரத்தினம் குசினிச் சுவரை உடைத்துப் புகைக்கு நேராக வெளியே வழி விட்டார். மேலே ஏறும் குழாயின் கழுத்தைக் கல்லாலும் சீமெந்தாலும் அடைத்தார். சற்று முன் துரோகம் செய்த அதே கச்சான், சீமெந்தை நொடியில் இறுக்கிக் கொடுத்தது.

மணம் நின்றது, கட்டடத்தில் ஒழுங்கு பிறந்தது. கதிரையை விட்டு ஒருவரும் எழும்பவில்லை. நிஷாந்தினிகூட வெறுங்கையுடன் கணினிக்கு முன்னால் குனிந்திருந்தார். கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ் மலைபோலக் குவிந்து கிடந்தது.

"ஒரு குருவியும் இறங்கி வரல்லையே தம்பி," என்றார் ஸைனுலாப்தீன், ஈ ஓட்டியபடி.

"எல்லாரும் வேலை செய்யிறாங்க, நானா. ஒழுங்கு எண்டா இதுதான்!"

முதலாளி வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூக்கை உயர்த்தி, ஆழமாக மூச்செடுத்தார். ஏற ஏற அவருடைய முகம் இருண்டது. கடைசி மாடியில் குழாயின் வாயருகே கையை நீட்டிப் பார்த்தார்.

"ஒரு மணமும் வரல்லையே?"

"வராது, சேர்!" பாக்கியரத்தினத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "சீமெந்து போட்டு அடைச்சனான். இனி ஆராலும் உடைக்க ஏலாது."

முதலாளி விறுவிறுவென்று கீழே இறங்கினார். ரோல்ஸ் மலையை ஒருமுறை பார்த்தார். "நாளையிலிருந்து நீங்கள் வரத் தேவையில்லை," என்றவர், காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

பாக்கியரத்தினம் சாரதி இக்ராமின் பக்கமாக ஓடினார். "தம்பி, நான் அப்படி என்ன பிழை செய்தனான்?"

இக்ராம் கண்ணாடியைச் சற்றே இறக்கி, குரலையும் இறக்கினான்.

"அண்ணன், முதலாளி முதல்ல கட்டினது அந்தக் கடையைத்தான். மேல மூணு மாடியும், அந்த மணம் பிடிச்சுப் பசியோட இறங்கி வாறதுக்கு ஆக்கள் வேணும் எண்டு பிறகு கட்டினது."