சொர்ணலட்சுமியின் மொட்டை

கதவைத் திறந்த அம்மாவின் தலையில் ஒரு முடிகூட இல்லை. சந்தனம் மட்டும் இருந்தது.

"வாய்யா" என்றாள் சொர்ணலட்சுமி, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிய மகனை அழைப்பது போல. ஸ்ரீராம் அமெரிக்காவிலிருந்து இரண்டு வருஷம் கழித்துத் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தான்.

"என்னம்மா இது?"

"பழனிக்கு வேண்டுதல்" என்று அப்பா தண்டாயுதபாணி முந்திக்கொண்டார். "கேட்டது கிடைச்சா முடி இறக்குறேன்னு வேண்டியிருக்கா. போன வாரம் சடையாண்டி கார்ல தனியா போயி இறக்கிட்டு வந்துட்டா. என்ன வேண்டுதல்னு என்கிட்டக்கூடச் சொல்லலை. சொல்லாட்டி எனக்கு விளங்காதா? நீ கேன்சர் படிப்புக்கு எழுதிப் போட்டது ஊருக்கே தெரியும்ல."

பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் சடையாண்டி, தொப்பம்பட்டிக்காரர், "அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமுங்க தம்பி" என்றார்.

அந்தப் படிப்பு ஸ்ரீராமுக்குக் கிடைக்கவில்லை. முடிவு தெரிந்த அன்று கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா சௌந்தர்யாவிடம் மட்டும் சொல்லி, "அம்மாட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று சத்தியமும் வாங்கியிருந்தான்.

அமெரிக்காவில் டாக்டர்கள் முதலில் ரெசிடென்சி என்று ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் மாடாக உழைக்க வேண்டும். அதற்கு மேல் புற்றுநோய் வைத்தியம் படிக்க ஃபெலோஷிப். அது கிட்டத்தட்டச் சம்பந்தம் பேசுகிற கதைதான். இவர்கள் பிடித்த இடங்களை வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் பிடித்த ஆட்களை எழுதிக் கொடுப்பார்கள், நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்து பொருத்தம் பார்க்கும். பையன் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் எந்த வீட்டுப் பையன் என்று கேட்பதிலும் நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் வித்தியாசமில்லை.

ஸ்ரீராம் ரெசிடென்சி செய்தது சோளக்காட்டுக்கு நடுவே வேடசந்தூர் அளவில் ஓர் ஊரில். வேடசந்தூரிலாவது பஸ் நிற்கும். அவனோடு மதுரையில் படித்த ஒருவன், பரீட்சைக்கு முதல் நாள் இவனிடம் பாடம் கேட்டுப் பாஸ் செய்தவன், உலகத்துக்கே தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்சிக்குச் சேர்ந்தான். அவனை எல்லா இடத்திலிருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இவனை ஒரே ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். அங்கேயும் பேராசிரியர் இவனுடைய ஆஸ்பத்திரியின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "இது எங்கே இருக்கிறது?" என்று அன்பாகக் கேட்டார்.

அன்றைக்கு நேர்முகத்துக்குப் போன அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்று அவன் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. அது இப்போது ஹாலில் சட்டம் போட்டுத் தொங்கியது.

முடிவு வருவதற்கு முன்னால் ஒருநாள் போனில் அம்மா கேட்டாள், "அது கிடைச்சா இன்னும் மூணு வருஷம் அங்கதானாய்யா?"

"ஆமாம்மா. கிடைக்கலைன்னா விசா முடிஞ்சு ஊருக்கு வந்துர வேண்டியதுதான்."

"சரி, முருகன் இருக்கான்" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த முருகன்தான் இப்போது அம்மாவின் முடியையும் வாங்கி வைத்துக்கொண்டு கம்மென்று இருக்கிறான். ஸ்ரீராமால் அவள் தலையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சாப்பாட்டில் அவனுக்குப் பிடித்த வெஞ்சனமாக அடுக்கி வைத்திருந்தாள். தூங்கி எழுந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

எழுந்தபோது வாசலில் காத்தமுத்து நின்றார். காலனி சங்கத்துச் செயலாளர்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம உனக்குப் பாராட்டு விழா. பொன்னாடைக்குச் சொல்லியாச்சு. பேனர் அடிக்க உன் போட்டோ ஒண்ணு குடு."

"அதெல்லாம் வேண்டாம் மாமா."

"பெரிய ஆளுக இப்படித்தான் வேண்டாம்பாக. போட்டோவக் குடு."

ஸ்ரீராம் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை மாமா. இந்த நேரத்துல விழா எதுக்கு?"

காத்தமுத்துவின் முகம் வாடியது. மெல்ல எட்டி உள்ளே பார்த்தார். மொட்டைத் தலையோடு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஒரு கண்டம் தப்பியது என்று ஸ்ரீராம் நினைத்தான். ஆனால் காத்தமுத்து நேராகப் போனது பக்கத்து வீட்டு ஆனந்தமேரியிடம். அவர் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு சரியில்லை, தலையில் முடி இல்லை, கேன்சர் படிக்கும் மகன் அமெரிக்காவிலிருந்து அவசரமாக வந்திருக்கிறான். ஆனந்தமேரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் காலையில் வீட்டுக்குள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்து இறங்கின. "நீ வந்ததுல எல்லாருக்கும் அம்புட்டு சந்தோசம்" என்று அம்மா எடுத்து அடுக்கினாள்.

ஆனந்தமேரி அவனை மட்டும் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார். "எத்தனாவது ஸ்டேஜ் தம்பி?"

அவனுக்குச் செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது. "ஐயோ, அம்மாவுக்கு ஒண்ணுமில்லை ஆண்ட்டி."

"நானும் வீட்டு ஆளுககிட்ட அப்படித்தான் சொல்லுவேன்" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"நெசமாவே. அது பழனி வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

நாக்கு நுனிவரை உண்மை வந்தது. திரும்பிப் பார்த்தான். ஹாலில் படம் தொங்கியது. "என் கல்யாணத்துக்கு" என்றான்.

மத்தியானத்துக்குள் செய்தி காலனியைச் சுற்றி வந்துவிட்டது. சொர்ணலட்சுமி கண்ணை மூடுவதற்குள் மகன் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, விழா நடந்திருக்க வேண்டிய நேரத்துக்கு, காலனியே வீட்டுக்குள் வந்துவிட்டது. காத்தமுத்து திருநீறு கொண்டுவந்தார். ஆனந்தமேரி ஜெபக்குழுவை அழைத்து வந்தார். செய்தி கேட்டு ஆத்தூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் ஜாதகத்தோடு சடையாண்டியின் காரில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா, "கல்யாணத்த இந்த மாசமே வச்சுக்கிருவோம். அம்மா பாக்கணும்ல" என்று குரல் தழுதழுத்தார்.

தண்டாயுதபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ அவரைக் கட்டிப்பிடித்ததும் அவரும் அழுதுவிட்டார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "யாருக்கு என்னாச்சு?"

ஆனந்தமேரி அவள் தோளை அணைத்து, "தைரியமா இரு சொர்ணம். உன் மகன் படிக்கப்போற படிப்பே உன்னக் காப்பாத்தும்" என்றார்.

அம்மா ஸ்ரீராமைப் பார்த்தாள். இனி ஒளிய இடமில்லை.

"அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை" என்றான். "பாராட்டு விழாவ நிறுத்தத்தான் நான் பொய் சொன்னேன். எனக்கு அந்தப் படிப்பு கிடைக்கலை. நான் வேலை பாக்குறது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்க உள்ளவங்களுக்கே அதோட பேர் தெரியாது. இந்தப் படத்துல இருக்குறது என் ஆஸ்பத்திரி இல்லை."

காதுமடல் எரிந்தது. பொன்னாடையைக் கையோடு கொண்டுவந்திருந்த காத்தமுத்து அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா ஜாதகத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். ஆப்பிளைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லவர்கள்.

அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். குனிந்து நின்றவளின் பக்கத்தில் போய் நின்றான் ஸ்ரீராம்.

"உனக்கு என்னால எம்புட்டு அவமானம். முதல் நாளே சொல்லியிருக்கணும். அக்காட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"அவ சொன்னா" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

ஸ்ரீராம் திகைத்தான். "எப்ப?"

"நீ சொன்ன அன்னைக்கே."

"கிடைக்கலைன்னு தெரிஞ்சுமா பழனிக்குப் போன? முருகன்தான் கேட்டதக் குடுக்கலையேம்மா. பிறகு எதுக்கு முடியக் குடுத்த?"

அம்மா முகம் சிவந்து, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

வாசலில் காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த சடையாண்டி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு அது கிடைக்கக் கூடாதுன்னு தானுங்களே அம்மா வேண்டுனது."