சாக்குக் குவியலுக்குள் ஒரு தலைவர்

பதவிக்கு ஓடுகிறவர்களை எண்ணி மாளாது. பதவியைக் கண்டு ஓடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் பைபிளில் வரும் சவுல். ராஜா என்று சீட்டு விழுந்ததும் மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்தவர். இன்னொருவர் எங்கள் மரக்காணம் உப்பளத்துத் தொழிலாளி, பட்டப்பெயர் ஒட்டகம்.

இருவருமே மற்றவர்கள் தோளுக்குக் கீழே நிற்கும்படியான உயரம். மாதா கோயிலில் ஒட்டகத்துக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பீடம் தெரியாது. அவர் எழுந்து போனால் பூசை முடிந்தது என்று கணக்கு.

சுனாமிக்கு மறு வருஷம். கடல் உள்ளே வந்து சேறாக்கிய பாத்திகளைத் தொழிலாளர் சங்கத்தார் மறுபடி கட்டி, முதல் உப்பைக் குன்றாகக் குவித்திருந்தார்கள். மழைக்கு முன் அதைக் கீற்றால் மூடவேண்டும். "இன்னிக்கே" என்றார் ஒருவர். "அடுத்த வாரம்" என்றார் இன்னொருவர். உத்தரவு போட எல்லாரும் இருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை. பழைய தலைவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றவன் என்று தேர்தல் நடத்த என்னைக் கூப்பிட்டார்கள்.

வேட்புமனு, பரிசீலனை, வாபஸ் என்று உப்பளக் கொட்டகையில் நின்று விதிகளை விளக்கினேன். பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

"சார், ஆளுக்கொரு பேரு எழுதிப் போட்டு, மாதாவ வேண்டிக்கினு ஒரு சீட்டு எடுங்க. மேகம் கறுக்குது" என்றார் உப்பு வாரும் செல்லம்மா.

விதியில் இதற்கு இடமில்லை. மேகமோ விதி படித்ததாகத் தெரியவில்லை. எடுத்தேன். ஒட்டகம்!

"ஆண்டவர் சித்தம்!" என்று கூட்டம் குதித்தது. முறைப்படி மீதிச் சீட்டுகளையும் பிரித்தேன். அத்தனையிலும் ஒட்டகம். ஆண்டவருக்கு அவர்கள் வேறு வழியே வைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். அவ்வளவு நீளத்தை எங்கே ஒளிப்பது? வாய்க்காலில் தேடினார்கள், லாரிக்கு அடியில் தேடினார்கள். இடி இடித்தது. செல்லம்மா பொறுமையிழந்து கீற்றைத் தூக்கினார்.

"மேக்கால இருந்து கட்டுங்கடா!"

கொட்டகை மூலையில் கிடந்த சாக்குக் குவியல் அலறியது: "ஏய் செல்லம்மா! கடல் பக்கத்துல இருந்து கட்டு! காத்து மொத்தத்தையும் தூக்கிடும்!"

சவுலைக் காட்டிக்கொடுக்கக் கடவுளே வாய் திறக்கவேண்டியிருந்தது. இவருக்கு இவர் வாயே போதும். சாக்குத் தூசியோடு பாய்ந்து வந்தவர், குன்றின்மேல் ஏறி நின்று எல்லாரையும் ஆட்டிவைத்தார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கடைசி முடிச்சும் மழையும் ஒன்றாக விழுந்தன. உப்பு பிழைத்தது.

பேனாவை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சார். தலைவராயிட்டா இவனுங்க என்னை டேய்னு கூப்பிட மாட்டானுங்க. இன்னிக்கி 'ஐயா'ன்னுவான், நாளைக்கு டீக்கடையில பக்கத்துல உக்காரமாட்டான். நான் எவன்கிட்ட பேசறது?"

இத்தனை காலம் சவுலைக் கோழை என்றே நினைத்திருந்தேன். அந்த மூட்டைகளுக்குள் அவனும் இதைத்தான் யோசித்திருப்பானோ?

எந்தச் சட்டத்திலும் இல்லாத தீர்மானம் ஒன்றை எழுதினேன்: 'தலைவரை அனைவரும் டேய் என்றே அழைக்கவேண்டும்.' எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அவரும் கையெழுத்துப் போட்டார்.

தீர்மானம் நிறைவேறிவிட்டால் நான் மட்டும் விலக்கு கேட்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய்" என்றேன்.

"இன்னாடா?" என்றார் தலைவர்.

என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் போய் எத்தனையோ வருஷமாகியிருந்தது.