பெயர் 1, வயது 1, மெஷின் 1

மும்பையில் இடம் பிடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் நின்றுகொண்டு போகிறவர்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தாராவியில் நான் எடுபிடி வேலை பார்க்கும் டயாலிசிஸ் சென்டரில் அவர் கம்ப்யூட்டர்காரர். எல்லோருக்கும் ‘கர்சீப்’.

ரயில் சீட்டில் கர்சீப் போட்டு இடம் பிடிப்பது இங்கே வழக்கம். இவர் சலூன் நாற்காலியில் போடுவார், கல்யாணப் பந்தியில் போடுவார், கக்கூஸ் வரிசையில் வாளி மேலும் போடுவார். ஒருநாள் வியர்வை துடைக்க ஒன்று கேட்டேன்.

“ஆறும் டூட்டில இருக்கு, அண்ணாச்சி” என்றார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, சென்டரின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. கர்சீப் வருவதற்குள் மேனேஜரே அவர் நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றினார். எல்லாப் பட்டியல்களின் பெயரும் திரையில் வந்ததும், முடிந்தது என்று நிறுத்திவிட்டார். அன்றைய பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு நோயாளி: பெயர் 1, வயது 1, மெஷின் 1.

வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அதில் என் அக்காவும் ஒருத்தி. போன முறை மழையில் வர முடியாமல் போய், கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின். பட்டியல் இல்லாமல் யாரையும் எதிலும் சேர்க்க முடியாது.

கர்சீப் நனைந்தபடி வந்தார்.

“உங்க பேக்கப் சுத்த பக்வாஸ். நோயாளி பேரு ஒண்ணாம்” என்றார் மேனேஜர்.

“அது ஆள் இல்ல ஸார், கர்சீப். மெஷின் பட்டியல் நோயாளி பட்டியல நம்பி நிக்கும். அது டாக்டர் பட்டியல நம்பி நிக்கும். எது முந்தி வரணும்னு பேக்கப் யோசிக்காது. மொதல்ல எல்லாத்துக்கும் ஒண்ணு, ஒண்ணுன்னு ஒரு கர்சீப் போட்டுரும். கடைசியிலதான் ஒவ்வொண்ணா எடுத்துட்டு நெசப் பட்டியல உக்கார வைக்கும். நீங்க கர்சீப்பப் பாத்ததும் வண்டிய நிறுத்திட்டீய.”

மேனேஜர் காரில் வருகிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத்தான் முதலில் புரிந்தது.

“பக்கா வந்துருமா?” என்றார் மேனேஜர்.

“வராம எங்க போவும்?”

கர்சீப் மறுபடி ஏற்றி, கடைசிவரை ஓடவிட்டார். பெயர்கள் வந்தன. வயது வந்தது. கதவைத் திறந்து அவரே கூப்பிட்டார்: “அக்கா, மூணாம் நம்பர். வாங்க.”

“அந்தப் புள்ளைய ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுல” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். கூச்சத்தில் மூன்று மாதம் ஓட்டினேன். ஒருவழியாக வாயைத் திறந்ததும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். அக்காவுக்கு உப்பு ஆகாது. வீட்டில் எல்லோருக்கும் அதே குழம்புதான். இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர், கடைசிவரை உப்பு கேட்கவேயில்லை.